மெத்து மெத்துன்னு வேண்டாங்க, சொரசொரன்னு குடுங்க

நேத்து சாயங்காலம் கோயமுத்தூர் கிராஸ்கட் ரோட்டுல ஒரு செருப்புக் கடையில நிக்கறப்ப எனக்கு நல்லாக் கோவம் வந்துருச்சுங்க.

ஷூ வாங்கப் போகலை. ஷூவுக்குள்ள போடற இன்சோல் கேட்டுப் போனேன். அதுலயும் சாதா இன்சோல் இல்ல. மேல பூராவும் சின்னச் சின்ன மொட்டா எந்திரிச்சு நிக்குமே, தடவிப் பார்த்தா சொரசொரன்னு இருக்குமே, அது.

கடைத் தம்பி தங்கமான பையன். ரேக்குல இருந்ததை எல்லாம் எறக்கிப் போட்டுட்டான். ஜெல் வெச்சது, மெமரி ஃபோம், குதிகாலுக்கு மட்டும் தனியா ஒண்ணு...

"அமுக்கிப் பாருங்க்கா, விரல் எப்படி உள்ள போகுது பாருங்க."

"தம்பி, எனக்குக் கணுக்கால் பெரளுது. காலுக்கடியில மெத்துன்னு இருந்தா இன்னும் பெரளும் சாமி."

"கால் பிரச்சினைன்னு வர்ற எல்லாரும் இதைத்தானுங்க்கா வாங்கறாங்க."

அந்த "எல்லாரும்" தாங்க எனக்குக் கோவம். பையன் மேல இல்ல. குதிகால் வலிக்கும் மெத்து, சர்க்கரைக் காலுக்கும் மெத்து, மூட்டு வலிக்கும் மெத்து, பெரளற காலுக்கும் மெத்து. காலுன்னாலே பஞ்சு வெச்சுப் பொத்தி வெச்சுரணும்னு நம்ம ஊரே முடிவு பண்ணிருச்சு.

இல்லீங்க. பெரளற காலுக்கு வேண்டியது வேற. அதைப் பத்தி இன்னைக்குக் கொஞ்சம் நீளமாவே பேசிக்கிறேன். (டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.)

மொதல்ல இந்தப் பெரளறதுன்னா என்னன்னு சொல்லிடறேன்.

எனக்கு வலது கணுக்கால். காலேஜ்ல வாலிபால் ஆடறப்ப, நெட்டுக்கிட்ட எகிறிட்டு எறங்குனேன். எதிர் டீம் பொண்ணோட ஷூ மேல எறங்கிட்டேன். பாதம் உள்பக்கமா மடங்கி, வெளிப்பக்கக் கணுக்கால் பொசுபொசுன்னு வீங்கிருச்சு.

அம்மிச்சி மஞ்சளும் சுண்ணாம்பும் கொழைச்சுப் பத்துப் போட்டாங்க. வீக்கம் வடிஞ்சுது. நடந்தேன். ஓடுனேன். சரியாப் போச்சுன்னு வீட்டுல எல்லாரும் நெனைச்சாங்க.

ஆனா அதுக்கப்புறம் அந்தக் கால் தானாப் பெரள ஆரம்பிச்சுது பாருங்க. டவுன் பஸ்ல படியில இருந்து எறங்கறப்ப. மேம்பாலத்துக்கு அடியில ரோடு ஒடைஞ்ச எடத்துல. நூறடி ரோட்டுல பிளாட்பாரக் கல்லு ஒண்ணு தூக்கிட்டு நிக்கும், அங்க. ஒரு நாள் ஒண்ணுமே இல்லாத சமதளத்துல, கையில தேங்காய்ப் பையோட!

எக்ஸ்ரே எடுத்தா எலும்பு கம்பீரமா இருக்கும். டாக்டர், "ஒண்ணுமில்லம்மா, பார்த்து நடங்க"ம்பாரு.

பார்த்துத்தானுங்க நடக்கறேன். கால்தான் பார்க்க மாட்டேங்குது.

இது எனக்கு மட்டும் இருக்கற வியாதி இல்ல. கணுக்கால் சுளுக்கு வந்தவங்கள்ல நூத்துக்கு நாப்பது பேரு வரைக்கும் இப்படி நாள்பட்ட தள்ளாட்டத்துல போய் நிக்கறாங்கன்னு ஆராய்ச்சி சொல்லுது. நாப்பது பேருங்க! நம்ம ஊர்ல கபடி ஆடறவன், வாலிபால் ஆடறவன், வரப்புல நடக்கறவன், கல்யாண மண்டபத்துல பந்தி பரிமாறறவன்னு சேத்துப் பார்த்தா எத்தனை கணுக்கால் இருக்கும்? ஆனா யாரும் இதை ஒரு பிரச்சினைன்னே சொல்றதில்ல. "எனக்கு அந்தக் கால் கொஞ்சம் வீக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க.

சரி, உள்ள என்னதான் நடக்குது?

கணுக்காலுக்கு வெளிப்பக்கம் மூணு தசைநார் இருக்குது. பாதம் உள்பக்கமா மடங்கறப்ப முன்னாடி இருக்கறதுதான் பெரும்பாலும் மொதல்ல கிழியும். அது ஆறிரும். ஆறுனாலும் ஏன் பெரளுதுங்கறதுதான் கேள்வி.

1965ல லண்டன்ல மைக்கேல் ஃப்ரீமேன்னு ஒரு எலும்பு டாக்டரும் அவரு கூட இருந்தவங்களும் இதுக்கு ஒரு பதில் எழுதுனாங்க. மூட்டைச் சுத்தி இருக்கற நாருலயும் சவ்வுலயும் நரம்பு முனைகள் இருக்குது. பாதம் எந்தக் கோணத்துல இருக்குதுன்னு மூளைக்குச் சொல்றதுல அதுகளுக்குப் பங்கு உண்டு. நாரு கிழியறப்ப அந்த நரம்பும் சேந்து அறுந்து போகுது. நாரு ஒட்டிக்குது, தகவல் பழையபடி போகறதில்ல. அதனாலதான் அடிபட்ட காலுல மட்டும் ஒத்தைக் கால்ல நிக்கச் சொன்னா ஆடறாங்கன்னாரு. ஆடற பலகை மேல நின்னு பழகுனா இது கொறையுதுன்னும் அப்பவே காட்டுனாரு.

ஃப்ரீமேன் சொன்னதுதான் முழுக் காரணம்னு இப்ப யாரும் சொல்றதில்ல. தசை பலம் கொறையறது, நார் தொளதொளத்துப் போறது, மூளை பயந்துக்கறதுன்னு எல்லாமே கலந்ததுங்கறாங்க. ஆனா அவரு போட்ட கோடு இன்னும் அழியலை. பாதம் எங்க இருக்குதுங்கற சேதி நேரத்துக்கு வந்து சேரலைங்கறது அதுல முக்கியமான பங்கு.

(உங்க காலை நீங்களே சோதிச்சுப் பார்க்கணும்னா, சிட்னியில கிளேர் ஹில்லர்ங்கற பிசியோதெரபிஸ்ட்டும் கூட இருந்தவங்களும் 2006ல ஒரு கேள்வித்தாள் போட்டாங்க. கம்பர்லேண்ட் கணுக்கால் கேள்வித்தாள். மொத்தம் 9 கேள்வி, 30 மார்க்கு. படி எறங்கறப்ப எப்படி இருக்குது, ஒத்தைக் கால்ல நிக்கறப்ப எப்படி, கால் மடங்க ஆரம்பிச்சா உங்களால நிறுத்த முடியுதா, இந்த மாதிரி. 27, அதுக்குக் கீழ வந்தா தள்ளாட்டம்னு மொதல்ல வெச்சாங்க. அப்புறம் வேற ஆளுங்க 25க்கு எறக்குனாங்க. நான் காலைக் காட்டற பிசியோ பொண்ணு எனக்குக் குடுத்தது இதுதான். என்ற மார்க்கைக் கேக்காதீங்க.)

இப்ப அடிப்பாதத்துக்கு வர்றேன். எனக்கு இதுல ரொம்பப் புடிச்ச எடமே இதுதான்.

நம்ம உள்ளங்கால் தோலுக்குள்ள தொடுகையை உணர்ற முனைகள் நெறைய இருக்குது. லேசாத் தொட்டாத் தெரியறதுக்கு ஒண்ணு, அழுத்தினாத் தெரியறதுக்கு ஒண்ணு, தோலு இழுபட்டாத் தெரியறதுக்கு ஒண்ணு, அதிர்வுக்கு ஒண்ணு. மெய்ஸ்னர், மெர்க்கெல், ருஃபினி, பாசினின்னு கண்டுபுடிச்ச ஆளுங்க பேரே அதுகளுக்கு. கனடாவுல கென்னடியும் இங்லிஸும் 2002ல ஒரு வேலை செஞ்சாங்க. ஆளுங்க கால் நரம்புல மெல்லிய ஊசி முனையைச் சொருகி, அடிப்பாதத்துல ஒவ்வொரு எடமாத் தொட்டு, 104 முனைகளை ஒவ்வொண்ணாப் பதிவு பண்ணுனாங்க. கையில விரல் நுனியிலதான் கூட்டமா இருக்கும். ஆனா பாதத்துல அப்படி விரல்ல மட்டும் குமியலை, குதிகால், ஓரம், முன்பாதம்னு பரவிக் கெடக்குது.

அப்படித்தானுங்க இருக்கணும்? நிக்கறது பாதம் பூராவும்தானே!

உடம்பு நெலையா நிக்கறதுக்கு மூணு எடத்துல இருந்து சேதி வருது. கண்ணு, காதுக்குள்ள இருக்கற சமநிலை உறுப்பு, அப்புறம் காலும் மூட்டும் தோலும். பெர்லின்ல மோரிட்ஸ் ரோம்பெர்க்னு ஒரு டாக்டர் 19ஆம் நூற்றாண்டுலயே இதைப் புடிச்சுட்டாரு. தண்டுவடம் கெட்டு, கால் உணர்ச்சி போனவங்க கண்ணைத் தொறந்து வெச்சா நிப்பாங்க, மூடினா ஆடுவாங்க. மூஞ்சி கழுவறதுக்குக் கண்ணை மூடினாலே அவங்களுக்குக் கஷ்டம். இன்னைக்கும் நரம்பு டாக்டர்கிட்டப் போனா "காலைச் சேத்து வெச்சுக் கண்ணை மூடுங்க"ம்பாங்க. அது அவரு பேருல இருக்கற சோதனை.

அப்ப யோசிங்க. எனக்கு மூட்டுல இருந்து வர்ற சேதி கொறைஞ்சு போச்சு. மிச்சம் இருக்கறது அடிப்பாதத்துத் தோலு. அதுக்கும் அடியில மொத்தமா மெமரி ஃபோம் வெச்சா? காதுல பஞ்சை அடைச்சுட்டுப் பாட்டுக் கேக்கற மாதிரிதான்.

இதை நான் மட்டும் சொல்லலீங்க. கனடாவுல ஸ்டீவன் ராபின்ஸ்னு ஒருத்தர், 1992ல வயசான ஆம்பளைங்களை வேற வேற ஷூ போட வெச்சு ஒடுக்கமான கட்டை மேல நடக்க விட்டாரு. மொத்தமா மெத்துன்னு இருந்த சோலுல ரொம்பத் தடுமாறுனாங்க. மெல்லிசா, கெட்டியா இருந்த சோலுதான் நல்லா நிக்க வெச்சுது. கடையில போய் நீங்க கேட்டுப் பாருங்க, வயசானவங்களுக்கு எதை எடுத்துக் குடுக்கறாங்கன்னு.

இனிமே மொட்டு வெச்ச இன்சோல் கதை.

ஆஸ்திரேலியாவுல கார்டன் வாடிங்டன், ரோஜர் ஆடம்ஸ்னு ரெண்டு பேரு. 2000ஆம் வருஷத்து ஆஸ்திரேலியப் பெண்கள் கால்பந்து அணியில இருந்த 17 பேரை எடுத்துக்கிட்டாங்க. 34 கணுக்கால். ஒரு மேடையில நிக்க வெச்சு, பாதம் எவ்வளவு சாஞ்சுதுன்னு அவங்களையே சொல்லச் சொன்னாங்க. வெறுங்காலோட ஒரு தடவை, சாக்ஸும் கால்பந்து பூட்டும் போட்டு ஒரு தடவை, பூட்டுக்குள்ள மொட்டு வெச்ச இன்சோல் போட்டு ஒரு தடவை.

பூட்டு போட்டதும் சரியாச் சொல்ற திறமை கொறைஞ்சு போச்சு. நாட்டுக்காக ஆடற பொண்ணுங்களுக்கே!

மொட்டு இன்சோலை உள்ள போட்டதும் திரும்பி வெறுங்கால் அளவுக்கு வந்துருச்சு. 2003ல பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழ்ல இதை எழுதுனாங்க.

எனக்கு இதுல உசுரே எதுன்னா, அந்த இன்சோலை அவங்க எந்தக் கம்பெனிகிட்டயும் வாங்கலை. மேல விரல் விரலா நீட்டிட்டு இருக்கற ரப்பர் ஷீட்டை வாங்கி, அவங்கவங்க காலு அளவுக்கு வெட்டிப் போட்டாங்க.

ரப்பர் ஷீட்டு! கோயமுத்தூர்ல! பம்பு செட்டும் மோட்டாரும் மில்லும் இருக்கற ஊர்ல ரப்பர் ஷீட்டுக்கா பஞ்சம்? வாசர் வெட்டறதுக்கும், மெஷினுக்கு அடியில போடறதுக்கும், கார் மேட்டுக்கும்னு ரோல் ரோலாச் சுத்தி வெச்சிருக்காங்க. வெளிநாட்டுல இருந்து ஆயிரக்கணக்குல காசு குடுத்து வரவழைக்க வேண்டிய அவசியமே இல்லீங்க.

கிராஸ்கட்ல இருந்து வெறுங்கையோட வந்தவ நேரா அப்படி ஒரு கடைக்குத்தான் போனேன். (இந்த மாதிரி ஷீட்டை வெட்டி ஏற்கெனவே போட்டுட்டுத்தான் இருக்கேன். அது தேஞ்சு போச்சு, அதனாலதான் நேத்து அலைஞ்சது.)

கடைக்கார அண்ணன், "என்ன மெஷினுக்குங்கம்மா?"ன்னாரு.

"என்ற காலுக்குங்ணா."

மனுசன் சிரிக்கலை. எந்திரிச்சு உள்ள போயி நாலு ரகம் எடுத்துட்டு வந்து, ஒவ்வொண்ணையும் உள்ளங்கையில வெச்சு அமுக்கிக் காட்டுனாரு. "இது கெட்டி, இது நொசநொசன்னு இருக்கும், இது வேர்வை பட்டாப் பிசுபிசுக்கும்"னு. கோயமுத்தூர்க் கடைக்காரங்க கிட்ட இருக்கற இந்தக் கொணம் எனக்கு உசுரு. என்ன வேலைன்னு தெரிஞ்சுட்டா, அது அவங்க வேலையாயிரும்.

செஞ்சு பார்த்ததுல எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

மொட்டு ரொம்ப உசரமா இருக்கக் கூடாது. உசரமா இருந்தா வலி வரும். வலி வந்தா காலை ஓரமா வெச்சு நடப்போம். அப்புறம் எதுக்காகப் போட்டோமோ அதுவே கெட்டுப்போகும். ரெண்டு மில்லிமீட்டர் வாக்குல இருந்தது எனக்கு ஒத்து வந்துச்சு.

மொட்டு அமுக்குனா லேசா வளையணும். பிளாஸ்டிக் மாதிரி கெட்டியா நின்னா வேண்டாம்.

ஷூல ஏற்கெனவே இருக்கற இன்சோலை உருவிட்டுத்தான் இதைப் போடணும். அது மேலயே போட்டா கால் மேல ஏறிரும், குதிகால் ஷூல இருந்து நழுவும். நழுவற குதிகாலும் பெரளற கணுக்காலும் சேந்தா என்னாகும்னு சொல்ல வேண்டியதில்ல.

உருவின இன்சோலையே ஷீட்டு மேல வெச்சு வரைஞ்சு வெட்டுங்க. அளவு கச்சிதமா வரும்.

மெல்லிசு காட்டன் சாக்ஸ். தடிமனான சாக்ஸ் போட்டா மொட்டு தெரியறதே இல்ல.

ரெண்டு காலுக்கும் போடுங்க. ஒரு காலுக்கு மட்டும் போட்டா இடுப்பு கேக்கும்.

மொதல்ல வீட்டுக்குள்ள சித்த நேரம். அப்புறம் கடைவீதி. அப்புறம் முழு நாள். ஷூவைக் கழட்டுனதும் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்க. செவப்பு உடனே மறைஞ்சாச் சரி. மறையாம நின்னா மொட்டை மாத்துங்க.

போட்டா என்ன வித்தியாசம்?

எனக்கு நடை நிதானமாச்சு. படி எறங்கறப்ப பாதம் எங்க படுதுன்னு தெளிவாத் தெரியுது. ரோட்டுல சரிவு வந்தா, ஓரமா இருக்கற மொட்டு அழுந்தறது தெரியுது, கால் தானாச் சரி பண்ணிக்குது. பெரளறது கொறைஞ்சிருக்கு. நின்னே போச்சுன்னு சொல்ல மாட்டேன்.

இங்க ஒண்ணை ஒளிக்காமச் சொல்லணும். ஆராய்ச்சி எல்லாமே இதுக்குச் சாதகமா இல்ல. அமெரிக்காவுல பாட்ரிக் மெக்கியான் குழு 2012ல ஒண்ணு எழுதுச்சு. தள்ளாடற கணுக்கால்காரங்களை மொட்டு வெச்சதுக்கு மேல ஒத்தைக் கால்ல நிக்க வெச்சாங்க. நெலை கெட்டுப்போச்சுன்னு தலைப்புலயே போட்டுட்டாங்க.

மொதல்ல படிச்சப்ப எனக்குச் சப்புன்னு ஆயிருச்சு. அப்புறம் பிசியோ பொண்ணுகிட்டக் கேட்டேன்.

"அக்கா, அதுவும் ஒரு சேதிதானுங்க்கா. உங்க மூளை ஏற்கெனவே அந்தத் தோலை நம்பித்தான் நிக்குதுன்னு வெச்சுக்கோங்க. திடீர்னு அதுல புதுசா ஒண்ணை வெச்சா மொதல்ல கொழம்பத்தான் செய்யும். போட்டுப் பழகணும். பழகுனாலும் உங்களுக்கு ஒத்து வருதான்னு பார்க்கணும். எல்லாக் காலுக்கும் இது மருந்தில்லீங்க்கா."

எனக்கு அந்தப் பதில் புடிச்சுது. எதிர் ஆராய்ச்சியை மறைக்கவும் இல்ல, பயப்படவும் இல்ல.

இன்னொண்ணும் சொன்னா. இன்சோல் வெறும் தொணைக்குத்தான், வேலை செய்யறது பயிற்சின்னு. அதுக்கு ஆதாரம் இதை விட எத்தனையோ மடங்கு கெட்டியா இருக்குது. நெதர்லாந்துல 522 விளையாட்டுக்காரங்க, எல்லாரும் அப்பத்தான் கணுக்கால் சுளுக்கிட்டு வந்தவங்க. பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். மீதிப் பாதிக்கு வழக்கமான வைத்தியத்தோட, 8 வாரம் வீட்டுலயே தானா செய்யற சமநிலைப் பயிற்சி. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, பயிற்சி செஞ்சவங்கள்ல நூத்துக்கு 22 பேருக்குத் திரும்பச் சுளுக்கு வந்திருந்துச்சு. செய்யாதவங்கள்ல 33 பேருக்கு. 2009ல வந்தது இது. பக்கத்துல யாரும் நின்னு பார்க்கலை, மெஷின் இல்ல, ஆஸ்பத்திரிக்குத் தெனமும் போகலை. அப்படியும் மூணுல ஒரு பங்கு கொறைஞ்சுது.

நான் செய்யறது இதுதான். சமையல் மேடைகிட்ட ஒத்தைக் கால்ல நிப்பேன். பால் பொங்கற வரைக்கும். விரல் ரெண்டு மேடைமேல லேசாத் தொட்டுட்டு இருக்கும். அது பழகுன பொறகு விரலை எடுத்தேன். அப்புறம் கண்ணை மூடுனேன். (கண்ணை மூடறப்ப அடுப்பு அணைஞ்சிருக்கணும், இது ரொம்ப முக்கியம்.) அப்புறம் தலகாணி மேல. அப்புறம் என்ற பையன் எதிர்ல நின்னு பந்து போட, நான் ஒத்தைக் கால்ல நின்னு புடிக்க. வெளிப்பக்கக் கெண்டைக்கால் தசைக்கு ரப்பர் பேண்டு மாட்டிப் பாதத்தை வெளிப்பக்கமா இழுக்கறது ஒண்ணு. நுனிக்கால்ல எந்திரிச்சு எறங்கறது ஒண்ணு.

இன்சோலைப் போட்டுட்டு இதைச் செய்யறப்ப எனக்கு நல்லாருக்குது. போடாமலும் செய்யறேன். ரெண்டுலயும் நிக்கத் தெரியணும்ல?

இப்ப எங்கம்மா விஷயம். இதை மட்டும் தயவுசெஞ்சு தாண்டிப் போயிறாதீங்க.

அம்மாவுக்குச் சர்க்கரை. நான் வெட்டி வெச்சிருந்த ரப்பரைப் பார்த்துட்டு, "ஏங்கண்ணு, இது நல்லாருக்குதே, எனக்கும் ஒரு சோடி வெட்டிக் குடேன், காலு மரமரன்னு இருக்குது, கொஞ்சம் உணர்ச்சி வரும்ல"ன்னு அவங்க செருப்புல வெச்சுப் பார்க்கப் போனாங்க.

பாய்ஞ்சு புடுங்கிட்டேன்.

மரத்துப்போன காலுக்கு மொட்டு வெச்ச இன்சோல் கூடவே கூடாதுங்க. எனக்கு வலிச்சாத் தெரியும், கழட்டிருவேன். அவங்களுக்குத் தெரியாது. மொட்டு அழுத்துன எடம் காய்ச்சுப் போகும், கொப்பளிக்கும், உடையும், புண்ணாகும். சர்க்கரைக் காலுல புண்ணு வந்தா எங்க போய் முடியும்னு நம்ம ஒவ்வொரு ஒறம்பரை வீட்டுலயும் ஒரு கதை இருக்குது.

சர்க்கரைக் கிளினிக்ல ஒரு நைலான் நூலை வெச்சுப் பாதத்துல அழுத்திப் பார்ப்பாங்க தெரியுமா? வளையறப்ப சரியா 10 கிராம் அழுத்தம் குடுக்கற நூலு. கண்ணை மூடிட்டு, அது படறது தெரியுதான்னு சொல்லணும். அது தெரியலைன்னா உங்க காலுக்குத் தற்காப்பு போயிருச்சுன்னு அர்த்தம். அம்மாவுக்கு ரெண்டு எடத்துல தெரியலை.

அவங்களுக்குத்தான் மெத்து. அவங்களுக்குத்தான் எம்.சி.ஆர். செருப்பு.

நம்ம ஊர்ல எந்தத் தெருவுல கேட்டாலும் எம்.சி.ஆர். செருப்புன்னாத் தெரியும். ஆனா அதுக்குப் பொறகால இருக்கற மனுசனைத் தெரியாது. பால் பிராண்டு. 1914ல நம்ம கொல்லிமலையில பொறந்தவரு. மிஷனரி வீட்டுப் புள்ள. டாக்டராகி 1946ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்தாரு. தொழுநோய்க்காரங்க காலு ஏன் அழுகி விழுகுதுன்னு அப்ப எல்லாரும் வியாதியைக் குத்தம் சொல்லிட்டு இருந்தாங்க. அவரு கூர்ந்து பார்த்தாரு. வியாதி பாதத்து நரம்பைக் கொல்லுது, வலி போயிருது, வலி இல்லாததால முள்ளு குத்துனாலும் ஆணி குத்துனாலும் அதே எடத்துல மிதிச்சு மிதிச்சுப் புண்ணாகுதுன்னு காட்டுனாரு. அப்புறம் வேலூர்லயும் கரிகிரியிலயும், பாதத்துல விழுகற பாரத்தை ஒரே எடத்துல குத்தாமப் பரப்பிக் குடுக்கற செருப்பைத் தேடித் தேடிச் செஞ்சு பார்த்தாங்க. மைக்ரோ செல்லுலார் ரப்பர், அதாவது எம்.சி.ஆர்., அந்த வேலையில இருந்து வந்ததுதான். தொழுநோய்க் காலுக்கு வந்தது, சர்க்கரைக் காலுக்கும் ஒதவுச்சு.

உணர்ச்சி போன காலுக்காக உசுரைக் குடுத்து உண்டாக்குன செருப்பு அது. அதை உணர்ச்சி நல்லா இருக்கற, ஆனாப் பெரளற காலுக்கும் "மெத்துன்னு இருக்கும்"னு எடுத்து நீட்டறப்ப எனக்கு மனசு ஒப்ப மாட்டேங்குது. ரெண்டு காலும் வேற. ரெண்டோட தேவையும் நேர் எதிர். ஒரே வீட்டுல, ஒரே செருப்பு ஸ்டாண்டுல, எங்கம்மாவுது மெத்து, என்னுது மொட்டு.

பஸ் ஸ்டாண்டுகிட்டப் பிளாட்பாரத்துல விக்கற அக்குபிரஷர் செருப்பு இதே தானேன்னு நாலு பேரு கேட்டுட்டீங்க. ஒரு வகையில சொந்தக்காரந்தான். ஆனா அந்த மொட்டு கெட்டிப் பிளாஸ்டிக், உசரம் வேற. இந்தப் புள்ளி கல்லீரலுக்கு, அந்தப் புள்ளி கிட்னிக்குன்னு படம் போட்டிருப்பாங்களே, அதுல எனக்கு நம்பிக்கை இல்ல. சர்க்கரை எறங்கும்னு சொல்லி அதைச் சர்க்கரைக்காரங்களுக்கு விக்கறதைப் பார்த்தாத்தான் வயிறு எரியுது. யாருக்குப் போடவே கூடாதோ, அவங்களைத் தேடிப் புடிச்சு விக்கறாங்க.

பார்க்குல கூழாங்கல் பதிச்ச பாதையில எட்டுப் போட்டு நடக்கறாங்களே, அது கொஞ்சம் வேற கதை. அமெரிக்காவுல ஒரேகான்ல 2005ல, 60 வயசு தாண்டுன 108 பேரை வெச்சு ஒரு சோதனை நடந்துச்சு. பாதிப் பேரு கூழாங்கல் மாதிரி செஞ்ச பாய் மேல நடந்தாங்க, பாதிப் பேரு சாதாரணமா நடந்தாங்க. 16 வாரம். பாய் மேல நடந்தவங்களுக்குச் சமநிலை கூடுதலா முன்னேறுச்சு, ரத்தக்கொதிப்பும் எறங்குச்சு. அப்ப நம்ம பார்க்குல காலையில "ஸ்ஸ்... ஆ..."ன்னு கத்திட்டே எட்டுப் போடற பெரியவங்களை இனிமே யாரும் கிண்டல் பண்ண வேண்டாம். (கால் மரத்தவங்க மட்டும் ஷூவோட, பக்கத்துல இருக்கற சிமெண்டுப் பாதையில போங்க.)

கடைசியா கும்மி.

நான் இத்தனை மெனக்கெடறதுக்குக் காரணமே நான் ஆடற வள்ளி கும்மிதாங்க. ஊரெல்லாம் இப்ப வள்ளி கும்மி அரங்கேற்றந்தான். மேட்டுப்பாளையம் பக்கத்துப் பெரியவர் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024ல பத்மஸ்ரீ கெடைச்சதும் எங்க குழுவுல எல்லாரும் ஸ்வீட் வாங்கிக் குடுத்துக்கிட்டோம். பொம்பளைங்களுக்கும் இந்த ஆட்டத்தைச் சொல்லிக் குடுத்தவரு அவரு. அவரு மாதிரி ஆளுங்க அன்னைக்குச் சொல்லிக் குடுக்கலைன்னா, இன்னைக்கு எங்கள மாதிரிப் பொம்பளைங்க மைதானத்துல எறங்கி இருப்போமா?

கும்மி வெறுங்கால்ல ஆடறது. முன்னாடி ஒரு எட்டு, குனிஞ்சு கைதட்டு, திரும்பு, பொறகால ஒரு எட்டு. நூறு பேரு ஒரே தாளத்துல. அதுல ஒருத்தி கால் பெரண்டா, பக்கத்துல இருக்கற நாலு பேரு மேல விழுவா.

வெறுங்கால்ல இன்சோலுக்கு எடமே இல்லையே, அப்புறம் எதுக்குன்னு கேப்பீங்க. நாள் பூராவும் வேலை பார்க்கற கடையில ஷூவோட நிக்கறேன், பஸ்ல போறேன், நடக்கறேன். அந்த நேரம் பூராவும் பாதம் தூங்கிட்டு இருந்தா, சாயங்காலம் மைதானத்துல எறங்குனதும் முழிச்சுக்குமா? பகல்ல மொட்டு, சாயங்காலம் மண்ணு. எனக்கு இந்தக் கணக்கு சரியா வருது.

எங்க குழுவுல போன மாசம் ஒரு காலேஜ் பொண்ணுக்குக் கால் பெரண்டுருச்சு. மொதல் தடவை. வீங்கி, வடிஞ்சு, "வலி இல்லீங்க்கா"ன்னு சீக்கிரமே ஆட வந்துருச்சு.

கும்மி வாத்தியாருகிட்டச் சொல்லி நிறுத்தி வெச்சிருக்கேன். அந்தப் பொண்ணுக்கு என் மேல கோவம். பரவால்ல.

அந்தக் காலுல மட்டும் ஒத்தைக் கால்ல ஆடாம நிக்கணும். கண்ணை மூடியும் நிக்கணும். நுனிக்கால்ல எந்திரிக்கணும். அந்த ஒத்தைக் கால்லயே பக்கவாட்டுல குதிச்சுக் குதிச்சு வரணும். இன்னொரு காலுல எப்படி வருதோ அதே மாதிரி வரணும். அது வந்தாத்தான் மைதானம். வீட்டுல செய்யறதுக்கு எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டேன், அவங்க அம்மாகிட்டயும் பேசிட்டேன். பால் பொங்கற நேரத்துல நிக்கச் சொல்லிருக்கேன்.

நாளைக்கு அந்த ரப்பர் ஷீட்டு அண்ணன் கடைக்குப் போறப்ப அவளுக்கும் ஒரு சோடிக்கு ஷீட்டு வாங்கணும். 6ஆம் நம்பர் கால்னு சொன்னா.